வாசலோடு திரும்பிப் போகிறவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதிதாகக் குடிவந்தவர்கள் சமுதாயக் கூடத்துக்கு ஏன் வருவதில்லை என்று கேட்பவர்கள், அந்தக் கட்டடத்தின் வாசலில் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். ஊர் மாறி வந்த புதிதில் நான் நின்றிருக்கிறேன். கனமான கதவு, மூடியிருந்தது. உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை, திறந்தால் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று கூச்சமாக இருந்தது, அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுபடி அங்கே போக ஆறு மாதம் ஆனது.

என்னைக் கேட்டால், யாரோடும் சேராமலேயே கொஞ்ச நேரம் வேடிக்கை பார்க்க ஓர் இடம்தான் புதியவருக்கு முதல் தேவை. உள்ளே நடப்பது தெரியும்படி கண்ணாடிக் கதவு, மழை படாத அகலமான தாழ்வாரம், அதில் சாய்ந்து உட்கார ஒரு திண்ணை, பிடிக்காவிட்டால் யாரிடமும் சொல்லாமல் எழுந்து போக ஒரு வழி. சக்கர நாற்காலியில் வருபவரைப் பின்பக்கம் சுற்றி வரச் சொல்லாமல், எல்லோரும் ஏறும் பாதையையே சரிவாக அமைத்துவிடலாம்.

அப்புறம், நாற்காலி. 1950களில் கனடாவின் ஒரு மருத்துவமனையில் முதியோர் வார்டில் சுவரோரம் வரிசையாகக் கிடந்த நாற்காலிகளைச் சின்ன மேசைகளைச் சுற்றிப் போட்டுப் பார்த்தார்கள். நாளடைவில் நோயாளிகள் ஒருவரோடொருவர் பேசுவது கூடியது. 1970களில் நியூயார்க் சதுக்கங்களில் மக்கள் நடந்துகொள்ளும் விதத்தைக் கவனித்த ஆய்வாளர் வில்லியம் வைட், நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால் மக்கள் உட்காரும் முன் அதைக் கொஞ்சமாவது நகர்த்திப் போட்டுக்கொள்வதைப் பார்த்தார். எவ்வளவு பக்கத்தில் உட்காருவது, எவ்வளவு தள்ளி உட்காருவது என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம். தரையில் பதித்த பெஞ்சில் அது நடக்காது.

டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் 2012-இல் திறந்த சூப்பர்கிலன் பூங்காவில், சுற்றுவட்டாரத்தில் வாழும் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாட்டு மக்களின் ஊர்களிலிருந்து பெஞ்சு, விளக்கு, ஊஞ்சல் என்று கொண்டுவந்தோ அதே மாதிரி செய்தோ வைத்திருக்கிறார்கள். அந்தப் பொருட்களைவிட, எதை வைக்கலாம் என்று அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்டார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம் கட்டடங்களுக்கு அப்படி யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் பல வருடம் இருப்பவர்களிடம்தான் கேட்கிறார்கள், அவர்களுக்கோ அந்த வாசலில் தயங்கிய நாள் எப்போதோ மறந்து போயிருக்கும்.

கட்டடக் கலைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். வரைபடம் முடிவாகும் முன், குடிவந்து ஒரு வருடம்கூட ஆகாத நாலு பேரைக் கூப்பிடுங்கள், தெருவிலிருந்து உள்ளே வரும் வழியைக் காட்டி, எந்த இடத்தில் தயங்கி நிற்பீர்கள் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்