மலை பேனாவுக்குள் எப்படி வந்தது?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். போனஸ் பணத்தில் மோன்ட் பிளாங்க் பேனா வாங்கட்டுமா, அதில் ஆரம்பித்து மலைகளை வைத்து வந்த மைப்பேனாக்களாக மட்டும் ஒரு வரிசை சேர்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. இந்த வீட்டில் பேனாவைப் பற்றிப் பேச எனக்கு ஆள் கிடையாது. அப்பாவுக்கு பால்பாயின்ட் போதும், தம்பிக்கு அதுவும் வேண்டாம். தாத்தாவின் பேனாக் கடையில் நிப் மாற்றிக் கொடுத்து வளர்ந்தவளிடம் பெற்ற மகள் இப்படிக் கேட்டால் எத்தனை சொல்லத் தோன்றும்! போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தாராளமாகச் சேர். உன் சம்பாத்தியம், உன் ஆசை. ஆனால் ஒவ்வொரு பேனாவையும் வாங்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள். இந்த மலை இந்தப் பேனாவுக்குள் எந்த வழியாக வந்தது? பெயராக வந்ததா, எண்ணாக வந்ததா, படமாக வந்ததா, கல்லாகவே வந்து சேர்ந்ததா? வந்த பிறகு எழுதுகிற கைக்கு ஏதாவது செய்கிறதா, இல்லை விலையை மட்டும் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறதா? இதற்குப் பதில் கிடைக்கும் பேனாவை வாங்கு. கிடைக்காததைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடு.

நீ இருக்கும் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். ஹாம்பர்க் எல்பே ஆற்றங்கரைத் துறைமுகம். ஏறிப் பார்க்க ஒரு மேடுகூட இல்லை என்று போன புதிதில் நீயே குறைப்பட்டுக்கொண்டாய். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் தொடரிலேயே மிக உயரமான மலையின் பெயரைத் தாங்கிய பேனா பிறந்தது அந்தச் சமவெளி ஊரில்தான். 1908-இல் 'சிம்ப்ளோ ஃபில்லர் பென் கம்பெனி' என்று அங்கே பதிவான நிறுவனம் அது. முதலில் வந்த பேனா கறுப்பு உடம்பும் சிவப்புத் தலையுமாக இருந்தது. அப்புறம்தான் தலையில் வெள்ளை வைத்து, மோன்ட் பிளாங்க் என்ற பெயரையும் வைத்தார்கள். கறுப்புப் பேனா, வெள்ளைத் தலை: பனி மூடிய மலை. 1913-இல் அந்த வெள்ளை, முனை மழுங்கிய ஆறு கை நட்சத்திரமாக மாறியது. மலையிலிருந்து இறங்கும் ஆறு பனிப்பாறைகளை அது குறிக்கிறது என்பார்கள். மைஸ்டர்ஷ்டூக் என்ற வரிசை 1924-இல் வந்தது. நீ ஆசைப்படும் 149 என்ற மாடல், அந்த வரிசையில் 1952-இல் சேர்ந்தது.

நிப்பில் பொறித்திருக்கும் 4810 என்ற எண்ணைக் கவனித்திருப்பாய். மலையின் உயரம், மீட்டரில். 1930 வாக்கிலிருந்து அந்த எண் நிப்பில் இருக்கிறது. ஆனால் மலை அந்த எண்ணில் நிற்கவில்லை. உச்சியில் இருப்பது பாறை அல்ல, பனிக்குல்லாய். அடியில் இருக்கும் பாறை 4792 மீட்டர்தான். மேலே உள்ள பனி, காற்றுக்கும் மழைக்கும் ஏற்ப ஏறும், இறங்கும். பிரெஞ்சு நில அளவையாளர்கள் 2001 முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏறி அளந்து வருகிறார்கள். 2007-இல் 4810.90 என்று வந்தது. 2021-இல் 4807.81. 2023-இல் 4805.59. நிப் மட்டும் 4810 என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஒரு காலத்தில் மனிதர்கள் அந்த மலையை எப்படி அறிந்திருந்தார்களோ, அதைத் தங்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆக, இந்தப் பேனாவில் மலை வந்தது பெயராகவும் எண்ணாகவும். அந்தப் பெயருக்குத் தகுந்த வேலை உள்ளே இருக்கிறதா என்றால், இருக்கிறது. பின்பக்கக் குமிழைத் திருகினால் உள்ளே பிஸ்டன் இறங்கி ஏறி மையை இழுத்துக்கொள்ளும். மை அடைத்து விற்கும் கார்ட்ரிட்ஜ் தேடி அலைய வேண்டாம். நிப்பு 18 கேரட் தங்கம். ஒழுங்காக வைத்துக்கொண்டால் உனக்கு அப்புறமும் எழுதும். ஆனால் 149 தடியான பேனா. உன் கை சின்னக் கை. பள்ளிக்கூடத்தில் ஹீரோ பேனாவையே நுனி விரலில் பிடித்துத்தான் எழுதினாய். அதே வரிசையில் ஒரு படி சிறியது 146. அதிலும் பிஸ்டன்தான். கடையில் இரண்டிலும் பத்து வரி எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய். 2022-இல் அந்த ஊரிலேயே மோன்ட் பிளாங்க் ஹவுஸ் என்று ஒரு காட்சிக்கூடம் திறந்திருக்கிறார்கள். பழைய பேனாக்கள் எல்லாம் இருக்குமாம். முதலில் அங்கே ஒரு சனிக்கிழமை போய்வா, பிறகு கடைக்குப் போகலாம்.

இனி என் மனதுக்கு மிக நெருங்கிய பேனா. உன் மாமா ஜப்பானிலிருந்து வாங்கி வந்து கொடுத்த பிளாட்டினம் 3776 உனக்கு ஞாபகம் இருக்கும். 3776 என்பது ஃபூஜி மலையின் உயரம். பெயர் வைக்காமல் வெறும் எண்ணை வைத்திருக்கிறார்கள்; ஜப்பானில் அந்த எண்ணைச் சொன்னால் போதும், எந்த மலை என்று தெரிந்துவிடும். 1978-இல் அந்தப் பேனா வந்தது. ஹாருவோ உமேடா என்ற எழுத்தாளர், பெரிய பேனா சேகரிப்பாளர், அவருடைய யோசனைகளைக் கேட்டு உருவாக்கியது. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. தினமும் எழுதுகிறவர், நூற்றுக்கணக்கான பேனாக்களைக் கையில் பிடித்துப் பார்த்தவர், எது வசதி எது தொந்தரவு என்று சொல்லச் சொல்லச் செய்த பேனா அது. அலமாரியில் வைப்பதற்காக யோசித்தது அல்ல.

2011-இல் அதைப் புதுப்பித்து 'செஞ்சுரி' என்று கொண்டுவந்தார்கள். என்னிடம் இருப்பது அது. மூடியைத் திருகும்போது கவனித்திருக்கிறாயா? கடைசிச் சுற்றில் லேசாக ஒரு எதிர்ப்பு தெரியும். மூடிக்குள் இன்னொரு குட்டி மூடி, அதற்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங். திருகி மூடும்போது உள்மூடி நிப்பைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அழுத்திக்கொள்ளும். இரண்டு வருடம் தொடாமல் வைத்தாலும் மை காயாது என்று நிறுவனம் சொல்கிறது. மதுரை சித்திரை வெயிலில் மைப்பேனா வைத்திருக்கிறவளுக்குத்தான் இதன் அருமை தெரியும். தாத்தா கடைக்கு வந்த ரிப்பேரில் பாதி, காய்ந்த மைதான். நிப்பையும் அதன் அடியில் இருக்கும் கட்டையையும் கழற்றி வெந்நீரில் ஊறப்போட்டு, பழைய பிளேடால் பள்ளத்தைச் சுரண்டிக் கொடுப்போம். கோடை முழுக்க மேஜை டிராயரில் கிடந்த என் 3776, எடுத்த எடுப்பில் எழுதியது. பெரிய மலையின் உயரத்தைப் பேனாவில் போட்டால் அதற்கு ஈடாக இப்படி ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். செய்திருக்கிறார்கள்.

அதே பேனாவில் ஃபூஜியைச் சுற்றியுள்ள ஐந்து ஏரிகளின் பெயரில் 2011-இலிருந்து ஒவ்வொன்றாக விட்டார்கள்: மோட்டோசு, ஷோஜி, சாய், யமனாகா, கவாகுச்சி. மோட்டோசு முழுக்கத் தெளிந்த கண்ணாடி மாதிரி. உள்ளே மை ஏறுவதும் இறங்குவதும் தெரியும். நீ வரிசை சேர்க்க நினைத்தால் இந்த ஐந்தில் ஒன்றைத் தேடு என்பேன். மலையைத் தண்ணீரில் பார்ப்பது ஒரு நல்ல யோசனை. ஐந்தையும் தேடாதே. இரண்டாம் கையில் விலை ஏற்றிவைத்திருப்பார்கள். நிப்பும் ஸ்பிரிங்கும் சாதாரண செஞ்சுரியில் இருப்பதேதான்.

படமாக வந்த மலைக்கும் வருகிறேன். நமிக்கி என்ற பெயரில் பைலட் நிறுவனம் செய்யும் மாக்கியே பேனாக்கள். அரக்கு மரத்தின் பாலால் படம் வரைந்து, அது ஈரமாக இருக்கும்போதே தங்கப் பொடியைத் தூவி, மேலே மறுபடி அரக்கு பூசி, தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவது. இந்த அரக்கு வெயிலில் உலராது. ஈரப்பதம் உள்ள அலமாரிக்குள் வைத்தால்தான் இறுகும். ஒவ்வொரு பூச்சுக்கும் காத்திருக்க வேண்டும். 1931-இல் கோன்ரோக்கு மட்சுடா என்ற அரக்குக் கலைஞர், இந்தப் பேனாக்களுக்காகவே கொக்கோக்காய் என்ற கலைஞர் குழுவை உருவாக்கினார். இன்றும் பேனாவில் அதை வரைந்த கலைஞரின் கையெழுத்து இருக்கும். இதிலும் ஃபூஜி நிறைய வரும். விலை உன் போனஸுக்கு எட்டாது, எட்டினாலும் இப்போது வேண்டாம். ஆனால் எங்காவது கடையில் கண்டால் விளக்கு வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பார். மலைச்சரிவில் தங்கப் பொடி அடிவாரத்தில் அடர்ந்து, மேலே போகப்போக மெலிந்திருக்கும். அதைத் தூவின கைக்கு வணக்கம் சொல்லத் தோன்றும்.

கல்லாகவே வந்த மலையும் உண்டு. இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்து விஸ்கொண்டி, 1988-இல் ஆரம்பித்த நிறுவனம். அவர்களுடைய 'ஹோமோ சேப்பியன்ஸ்' பேனாவின் உடம்பு, சிசிலித் தீவின் எட்னா எரிமலைக் குழம்புக்கல்லைப் பொடித்துப் பிசினோடு சேர்த்துச் செய்தது. பளபளப்பே கிடையாது. கருங்கல் அம்மியைத் தொட்டது மாதிரி கொரகொரப்பு. கையில் வியர்வை வந்தாலும் வழுக்காது, ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். வளையமும் கிளிப்பும் வெண்கலம். புழங்கப் புழங்கக் கறுக்கும். எட்னா இன்னும் பொங்கிக்கொண்டிருக்கும் மலை, அதன் உயரமே வெடிப்புக்கு வெடிப்பு மாறும். நிப்பில் எண் போட முடியாத மலை. அதனால்தானோ என்னவோ, அவர்கள் கல்லையே எடுத்துக்கொண்டார்கள். உனக்கு உள்ளங்கை வியர்க்கும் என்பதால், வரிசையில் இரண்டாவதாக இதை வாங்கு என்பேன்.

நீ படம் அனுப்பிய அந்த லிமிடெட் எடிஷனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதில் என் மனம் ஒட்டவில்லை. பெட்டியைப் பற்றியும், எத்தனை பேனாதான் செய்தார்கள் என்பதைப் பற்றியும் நான்கு பத்தி எழுதியிருக்கிறார்கள். நிப்பைப் பற்றி ஒரு வரி. 2009-இல் மோன்ட் பிளாங்க் காந்தி பெயரில் ஒரு தங்கப் பேனா விட்டது. தண்டி யாத்திரை 241 மைல் என்பதால் 241 பேனா, ஒன்று பதினோரு லட்ச ரூபாய்க்கு மேல். கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்து, விற்பனையை நிறுத்தினார்கள். அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு மனது வலித்தது. அதே காந்தி 1935-இல், ராஜமுந்திரியில் பேனா செய்த ரத்னத்துக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. நம் தஞ்சாவூர்க்காரர் ஜே.சி. குமரப்பா வழியாக வந்து சேர்ந்த பேனாவுக்கு நன்றி சொல்லி, அதைப் பயன்படுத்திப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறார். எழுதிப் பார்த்துவிட்டுச் சொன்னார் பார், அதைத்தான் நான் உன்னிடம் கேட்கிறேன். பெரிய பெயரையும் பெரிய எண்ணையும் ஒட்டுவது எளிது. மலையாக இருந்தாலும் மகானாக இருந்தாலும், பேனாவின் வேலையில் அது தெரிய வேண்டும்.

இனி வாங்கப் போகும்போது பார்க்க வேண்டியவை. நிப் அளவை நீயே தேர்ந்தெடு, கடைக்காரர் நீட்டும் 'மீடியம்' வேண்டாம். ஆங்கிலம், ஜெர்மன் எழுத்துக்கு அது சரி. நம் எழுத்தில் சுழி அதிகம். தடித்த நிப்பில் எழுதினால் ண-வும் ன-வும் ஒன்றாகத் தெரியும், இகரக் கொக்கி அடைத்துப்போகும். ஜெர்மன் பேனா என்றால் எக்ஸ்ட்ரா ஃபைன் அல்லது ஃபைன். ஜப்பான் பேனாவில் ஒவ்வொரு அளவும் இன்னும் மெல்லியது, அதில் ஃபைன், மீடியம் இரண்டுமே உனக்கு ஒத்துவரும். எழுதிப் பார்க்கும்போது ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டுப் பார்க்காதே. தமிழில் உன் பெயரையும் வீட்டு முகவரியையும் எழுது.

பழைய பேனா வாங்கினால் லென்ஸ் எடுத்துப் போ. நிப்பின் இரண்டு இதழும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், நடுப்பிளவு நுனி வரை நேராக வர வேண்டும். 750 என்று முத்திரை இருந்தால் 18 கேரட், 585 என்றால் 14. மோன்ட் பிளாங்கில் போலிகள் ஏராளம். ரசீது இல்லாமல் யாரிடமும் வாங்காதே. பிஸ்டனைத் திருகிப் பார், முரண்டு பிடித்தால் வேண்டாம். படம் வரையும் இந்தியன் இங்க்கை எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே விடாதே, கட்டையை அடைத்துவிடும். விமானத்தில் வரும்போது மையை முழுதாக நிரப்பு அல்லது முழுதாகக் காலி செய், நிப் மேலே பார்த்தபடி வை.

பொங்கலுக்கு வரும்போது பேனாவைக் கொண்டு வா. ஒரு குப்பி நீல மையும், பார்க்கிற கடையில் இருந்தால் பழுப்பு மையும் வாங்கி வா. இங்கே கிடைக்கும் பழுப்பில் சிவப்பு அதிகம். 146-ஆ, 149-ஆ, எந்த நிப் என்று முடிவு செய்ததும், காசு கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பேனாவால் எழுதிப் பார்த்த தாளைப் போட்டோ எடுத்து அனுப்பு. ண-வையும் ன-வையும் பெரிது பண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அப்பா நலம். தம்பிக்குப் பரீட்சை முடிந்தது. குளிருக்கு ஒழுங்காகக் கையுறை போட்டுக்கொள்.

அன்புடன்,
அம்மா