காயத்துக்குக் கட்டம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மருத்துவமனை நிர்வாகம், அவசர சிகிச்சை, தொழிலாளர் பாதுகாப்பு மூன்றையும் சேர்த்து, ஆய்வாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று சென்ற இதழில் நீளமாக ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். முழுக்கப் படித்தேன். கட்டுரையாளர் உழைத்து எழுதியிருக்கிறார், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நடுவில் ஒரு வரி. கடலோரத் தொழிலாளர்கள் அடிபட்டால் அலட்சியமாக இருந்துவிட்டு, முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்ற பொருளில் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஆதாரம் எதுவும் கொடுக்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்கிற தோரணை. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

என் அம்மா கடல்பாசி எடுப்பவர். தென்கடலில் பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத்திட்டுக்குப் போய், மூச்சை அடக்கி முங்கி, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் பிய்த்து இடுப்பில் கட்டிய பையில் போடுகிற வேலை. நான் நர்ஸிங் படித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் காஷுவாலிட்டியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவள். கட்டிலில் கிடப்பவரின் பக்கமும் தெரியும், பதிவேட்டின் பக்கமும் தெரியும்.

ஒருநாள் அம்மாவின் காலில் திருக்கை முள் ஏறிவிட்டது. ஆழமில்லாத தண்ணீரில் மணலுக்குள் பதுங்கிக் கிடக்கும், மிதித்தால் வாலை வீசும், எங்கள் ஊரில் இது புதுசு இல்லை. கூடப்போன பெண்கள் வல்லத்தில் ஏற்றி, துணியால் அழுத்திப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்து, வந்ததும் பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்து அதில் காலை வைத்தார்கள். வலி குறைய மருத்துவப் புத்தகமும் அதையேதான் சொல்கிறது, தோல் கொப்புளிக்காத சூடாக, 45 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் வண்டி பிடித்து, பாம்பன் பாலத்தில் காரை நிறுத்திவிட்டு செல்ஃபி எடுக்கிறவர்களுக்கு ஹாரன் அடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே முதல் கேள்வி, “ஏம்மா இவ்ளோ லேட்டு?” வெந்நீர் வைத்தோம் என்றதற்கு, நாட்டு வைத்தியம் பண்ணி நேரத்தை வீணாக்கினீர்களா என்று ஒரு வசவு.

அதைக்கூட விட்டுவிடுகிறேன். சீட்டு போட்ட தம்பி தொழில் என்ற இடத்தில் ‘ஹவுஸ்வைஃப்’ என்று அடித்தார். பாசி எடுக்கிறவங்க தம்பி என்றேன். கம்ப்யூட்டரில் அப்படி எதுவும் வரவில்லை அக்கா என்றார். காயத்தின் காரணம், ‘முள் குத்தியது’. எங்கே குத்தியது, என்ன வேலை செய்யும்போது குத்தியது, அதற்கெல்லாம் கட்டமே கிடையாது. முடிந்தது. கடலுக்குள் வேலை செய்யும்போது அடிபட்ட ஒரு தொழிலாளி, வீட்டு வாசலில் கருவேல முள்ளை மிதித்துவிட்டுத் தாமதமாக வந்த ஒரு குடும்பத்தலைவி ஆகிவிட்டார். நாளைக்கு ஒரு ஆய்வாளர் அந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு எண்ணினால் என்ன வரும்? பாசி எடுக்கும் பெண்களுக்குத் தொழில் காயமே இல்லை என்று வரும். உங்கள் கட்டுரையாளர் ‘அலட்சியம்’ என்று முடிவு கட்டுவார். ஆஸ்பத்திரிக்கே வராமல் கரையிலேயே உயிர் போனவர்களைப் பற்றி அந்தப் பதிவேடு பேசவே பேசாது, அது தனிக்கதை.

தாமதத்தைப் பற்றி எழுதுகிறவர் 1994இல் தடியஸ், மெயின் என்ற இரண்டு பெண்கள் எழுதியதைப் படித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன், நீங்களும் அறியாதவர் இல்லை. பிரசவ மரணங்களை வைத்துச் சொன்னார்கள்: போகலாம் என்று முடிவெடுப்பதில் ஒரு தாமதம், போய்ச் சேருவதில் ஒரு தாமதம், சேர்ந்த இடத்தில் சரியான சிகிச்சை கிடைப்பதில் ஒரு தாமதம். அவசர சிகிச்சை ஆய்வுகளில் இன்றைக்கும் இது புழங்குகிறது. உங்கள் கட்டுரை முதல் தாமதத்தை மட்டும் எங்கள் தலையில் கட்டிவிட்டு மற்ற இரண்டையும் வசதியாக மறந்துவிட்டது.

வலையில் மீன் பிரிக்கும்போது கடல்பாம்பு கடித்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நான்குக்குத்தான். கடல்பாம்புக்கு அது ஆகாது. அவருக்கு வேண்டியது மூச்சு நின்றால் வென்டிலேட்டர், சிறுநீரகத்தைக் கவனிக்க ஆள். பறந்து வந்தாலும் அது அங்கே இருக்க வேண்டும் அல்லவா? மாவட்டத்துக்கு 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி திறந்தது பெரிய விஷயம், மனசார வரவேற்கிறேன். ஆனால் அது ராமநாதபுரத்தில் இருக்கிறது, ராமேஸ்வரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் பாலம். அதையும் தாண்டி மதுரைக்கு எழுதிக் கொடுத்தால் தீவிலிருந்து மொத்தம் 170 கிலோமீட்டர் பக்கம். இதில் யாருடைய அலட்சியம் என்று கட்டுரையாளர் கொஞ்சம் சொல்லட்டும்.

பாதுகாப்பு என்ற பகுதியில் ஹெல்மெட், ஷூ, கையுறை என்று அடுக்கியிருக்கிறார். ஷூ போட்டுக்கொண்டு எப்படி முங்குவது என்று அவரே ஒருநாள் வந்து காட்டினால் எங்கள் பெண்கள் கற்றுக்கொள்வார்கள். மீன்பிடி வேலைக்கென்றே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2007இல் 188ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. படகில் மருந்துப் பெட்டி இருக்க வேண்டும், முதலுதவி தெரிந்த ஆள் இருக்க வேண்டும், கரையோடு பேச வசதி வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. 2017இல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை. இத்தனை பக்கக் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மண்டபம் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்தால் முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை தரும் அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ இருக்கிறது, நல்ல திட்டம், ஆனால் அது சாலை விபத்துக்கு. விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சில் விரல் போனவருக்கு எந்த 48?

சரி, எழுத உட்கார்ந்துவிட்டேன், பழையதையும் சொல்லிவிடுகிறேன். பாசி எடுக்கும் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி அவர்களுக்கு 2015இல் சீகாலஜி என்ற வெளிநாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பின் பரிசு கிடைத்தபோது பத்திரிகைக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். முகத்தில் முங்குகிற கண்ணாடி, கையில் பாசி, பின்னால் நீலக்கடல், அழகான படங்கள். அந்தக் கையைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்கள் என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறந்ததற்கு நீங்கள் பக்கம் பக்கமாகப் போட்டீர்கள், எத்தனை மீட்டர் உயரும், எப்படி உயரும் என்று. பக்கத்தில் இருக்கும் சாலைப் பாலத்தில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டு நிற்பதற்கு நாலு வரி கிடைக்கவில்லை. கேள்வித்தாளோடு வருகிற ஆய்வு மாணவர்களும் அப்படித்தான். அம்மா உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொல்வார், டீயும் போட்டுக் கொடுப்பார். அதில் என்ன எழுதினார்கள் என்று இதுவரை ஒருவர்கூட வந்து சொன்னதில்லை.

கோபமாக எழுதியதாகத் தோன்றினால் மன்னிக்கவும், இதைவிடக் குறைத்து எழுத எனக்கு வரவில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த வரிக்கு ஒரு விளக்கம் போடுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் எந்த இடத்தில், என்ன வேலையின்போது அடிபட்டது என்று கேட்டு எழுதச் சொல்லி உங்கள் இதழில் ஒரு குறிப்பு வரட்டும், நீங்கள் சொன்னால் படிப்பார்கள். அப்புறம், அவசர எண்கள் என்று கடைசிப் பக்கத்தில் 108, 100 எல்லாம் போடுகிறீர்களே, அதோடு கடலில் சிக்கியவர்கள் கடலோரக் காவல்படையை அழைக்கும் 1554ஐயும் சேர்த்துவிடுங்கள். இடம் போதாது என்றால் ராசிபலனில் ஒரு ராசியைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பாசிக்காரி மகள் ஒருத்தி,
பாம்பன்.