வெட்ட வெட்ட வளர்ந்த புண்

அன்புள்ள செல்வம்,

முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து நீ நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. படியேறுவது மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வேண்டாம்.

பதில் போடத் தாமதமானதற்கு ஒரு புண்தான் காரணம். நாற்பது வயதுப் பெண். புறங்கையில் நீர் கோத்த கொப்புளம் வந்து, இரண்டே நாளில் உடைந்திருக்கிறது. தொற்று என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுத்து, செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். புண் பெரிதானது. மறுபடி வெட்டினார்கள், மணிக்கட்டு வரை வந்துவிட்டது. என்னிடம் வரும்போது விரலை எடுப்பது பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

கட்டைப் பிரித்தேன். புண்ணின் ஓரம் தடித்து, அடியில் குடைந்திருந்தது. ஓரத்தில் ஊதா நிறமும் இருந்தது; நம் மாநிறத் தோலில் அது கருஞ்சாம்பலாகத்தான் தெரிகிறது, சட்டென்று பிடிபடாது. கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. ஓரத்தில் சிறு துண்டு எடுத்து பயாப்ஸி பார்த்து, மற்ற நோய்களை ஒவ்வொன்றாக விலக்கியபின் மிஞ்சியது பயோடெர்மா காங்கிரினோசம்.

1930ல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் கிருமியால் வருவதாக எண்ணி வைத்த பெயர் அது. ஆனால் இதில் தொற்றும் இல்லை, சதை அழுகும் காங்கிரீனும் இல்லை. கிருமியோடு போராட வேண்டிய வெள்ளையணுக்களான நியூட்ரோஃபில்களே தோலைத் தாக்குகின்றன. கத்தி பட்டால், சிலருக்கு ஊசி குத்தினால்கூட, அந்த இடத்தில் புண் கிளம்பும். நாம் படித்தது காலில் வரும் புண்ணைத்தான். புறங்கையில் கொப்புளமாக வந்தால் யாருக்குத் தோன்றும்? மலம் வெளியேற ஆபரேஷன் செய்து குடலை வயிற்றின் மேல் திறந்துவிட்டவர்களுக்கு அந்தத் திறப்பைச் சுற்றியும் வரும்.

பாதிப் பேருக்கு உள்ளே வேறு நோய் இருக்கும்: குடல், மூட்டு, ரத்தம். கொப்புள வகை என்பதால் ரத்தப் புற்றுநோய் இருக்குமோ என்று பயந்தேன், இல்லை. வயிறு எப்படி என்று கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். ஆறு மாதமாக மலத்தில் ரத்தம். வெட்கப்பட்டு வீட்டில்கூடச் சொல்லவில்லை. கொலோனோஸ்கோப்பியில் பார்த்தால் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடல் அழன்று புண்ணாகும் நோய்.

ஸ்டீராய்டு தொடங்கிய நான்காம் நாள் வலி குறைந்து தூங்கினார். ஆற நான்கு மாதமானது. சல்லடை போலத் தழும்பு. விரல் ஐந்தும் இருக்கின்றன. போன வாரம் அந்தக் கையாலேயே கையெழுத்துப் போட்டார். பார்த்துக்கொண்டே நின்றேன்.

நீ வேலைக்குத் திரும்பியதும் உன் ஜூனியர்களிடம் சொல்லிவை, செல்வம். சுத்தம் செய்யச் செய்யப் பெரிதாகும் புண்ணைப் பார்த்தால், அடுத்த முறை கத்தி எடுக்கும் முன் எந்த நேரமானாலும் எனக்கு ஒரு போன் பண்ணட்டும்.

அன்புடன்,
மாறன்