ராஜிக்கு

அன்புள்ள ராஜிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். நீ போன் எடுக்காததற்கு, கோர்ட்டில் இருப்பாள் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு என்ன கோர்ட் என்று கேட்கிறார். தில்லியில் குளிர் ஆரம்பித்திருக்குமே, ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

எதிர் வீட்டு மாமி ஏதோ வீடியோ காட்டினாள். கூட்டமும் போலீஸ் வேனுமாக இருந்தது. கண்ணாடி போடவில்லை, ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

கல்பாத்தித் தேருக்காகப் பரணை ஒழித்ததில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே பாதிக்கு மேல், சுப்ரீம் கோர்ட்டில் ஜட்ஜாக இருந்தாரே, அந்தக் கிருஷ்ணய்யரைப் பற்றிய பேப்பர்கள்தான். தலச்சேரியில் வக்கீலாக இருந்தபோது, 1948ல், கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று ஒரு மாதம் உள்ளே வைத்தார்கள். அவருடைய அப்பாவும் வக்கீல், நல்ல பிராக்டிஸ், வீட்டில் என்ன குறை? நீயும்தான், அந்தக் கம்பெனி வேலையில் இருந்திருந்தால் இந்நேரம் ஃபிளாட் வாங்கியிருப்பாய். அந்த ஒரு மாதம் அவர் வீட்டுப் பெண்டுகள் சாப்பிட்டார்களா, தூங்கினார்களா? ஆண்கள் எழுதுகிற பேப்பரில் அதெல்லாம் வராது.

ஆனால் 1957ல் கேரளத்தில் ஈ.எம்.எஸ்.ஸின் கம்யூனிஸ்ட் மந்திரிசபையில், சுயேச்சையாக ஜெயித்த அவருக்கே சட்டத்தோடு சிறைத்துறையும் கொடுத்தார்கள். உள்ளே இருந்தவனுக்குத்தானே தெரியும் என்று தாத்தா தொடையில் தட்டிச் சிரிப்பார். 1959ல் மந்திரிசபையைக் கலைத்ததும் மறுபடி கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்விட்டார். நீ முதல் முதலில் அந்தக் கோட்டோடு எடுத்துக்கொண்ட படம் பூஜை அறைக்கு வெளியே மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடம் அப்பாதான் காட்டுகிறார், நான் இல்லை.

பெட்டியில் மோதிராம் கேஸும் இருந்தது. 1978. உனக்குப் பாடமே அதுதானே. கொத்தனாருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். அண்ணன் தம்பி யாரோ நின்றால், சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது, செல்லாது என்றார் மாஜிஸ்திரேட். கிருஷ்ணய்யர் அதைத் தள்ளி, ஆயிரம் ரூபாய்க்கு அவன் சொந்தப் பத்திரமே போதும், விடு என்றார். மலையாளியும் தமிழனும் தில்லி சாந்தினி சௌக்கில் பிடிபட்டால் ஜாமீனுக்கு எங்கே போவான் என்று அதிலேயே கேட்டிருக்கிறார். எங்கிருந்தோ வந்தவளுக்கு அங்கே சொத்துக்காரன் யார் இருக்கிறான்? இப்போதும் அந்தத் தீர்ப்பைக் கோர்ட்டில் மதிக்கிறார்களா, ராஜி? சும்மா கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. தனியாக எங்கும் போகாதே. போவதாக இருந்தால் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ. எங்களிடம் சொன்னாலும் குறைந்துவிடாது. ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

வில்லேஜ் ஆபீசுக்குப் போய் இந்த வருஷத்து வரியைக் கட்டி ரசீது வாங்கிவிட்டேன். வீடு என் பேரில்தானே இருக்கிறது. ஆதார் கார்டுக்கும் ஒரு காப்பி எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். ரயிலில் தில்லி வருவது எனக்கொன்றும் சிரமமில்லை, கீழ் பெர்த் கிடைத்தால் போதும். அப்பாவுக்குத் தெரியாது.

போனை எடு.

அம்மா