டி.டி.பி. நோயாளிகளைப் பிழைக்க வைத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

டி.டி.பி. (உடலின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிறு கட்டிகள் அடைக்கும் அரிய, அவசர நோய்) வந்த ஒருவர் குணமாகி வீடு திரும்பும்போது குடும்பத்தார் கையெடுத்துக் கும்பிடுவது வார்டு மருத்துவர்களைத்தான். நோயை முதலில் பிடித்துக் கொடுத்தவர்களும் பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதி, தந்தவர்களும் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. சிகிச்சைக் குழுவில் இருக்கும் எங்களுக்கு உங்களைத் தெரியும். அதனால் இந்த மடல்.

இரத்தத்தில் உள்ள வான் வில்லிபிராண்ட் காரணி என்ற நீளமான புரதத்தை வெட்டிச் சிறிதாக்குவது ஆடாம்ட்ஸ்13 என்ற நொதியின் வேலை. பெரும்பாலான டி.டி.பி. நோயாளிகளுக்கு உடலே உண்டாக்கும் எதிர்ப்பொருள் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. வெட்டுப்படாத புரதத்தில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒட்டி மூளை, இதயம், சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கின்றன. அதில் உரசிப் போகும் சிவப்பணுக்கள் கிழிகின்றன. சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது பேர் இறந்துவிடுவார்கள். நோயாளியின் பிளாஸ்மாவை எடுத்துவிட்டுக் கொடையாளியின் பிளாஸ்மாவை ஏற்றும் பிளாஸ்மா மாற்று உடனே தொடங்கினால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.

இரவுப் பணியில் இருக்கும் ஆய்வக நுட்பர்களுக்கே முதல் நன்றி. தட்டணு 30,000க்குக் கீழே என்று எந்திரம் காட்டியதும் எண்ணை மட்டும் அனுப்பிவிடாமல் சிலைடு போட்டுப் பார்க்கிறீர்கள். எந்திரம் சில நேரம் கிழிந்த சிவப்பணுத் துண்டுகளையும் தட்டணுக் கணக்கில் சேர்த்து, எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டிவிடும். கண்ணால் பார்த்தால்தான் தெரியும். முக்கோணமாகவும் தலைக்கவச வடிவிலும் உடைந்த அணுக்கள் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டினால் அறிக்கையில் எழுதியதோடு நிற்காமல் வார்டுக்குப் போன் செய்கிறீர்கள். அந்த ஒரு போனில் பாதி நோயறிதல் முடிந்துவிடுகிறது. சிவப்பணு சிதைவதைக் காட்டும் எல்.டி.எச். ஏறியிருக்க, சிவப்பணுமேல் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் சோதனை நெகட்டிவாகவும் இரத்த உறைவு நேரங்களான பி.டி., ஏ.பி.டி.டி. சரியாகவும் இருக்கிறதென்று அடுத்தடுத்து நீங்கள் சொல்லும்போது மற்ற நோய்கள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. பி12 குறைபாடும் இதே முகத்தோடு வரும் என்பதால் ரெட்டிகுலோசைட் (புதிதாகப் பிறந்த சிவப்பணு) எண்ணிக்கையைக் கேட்காமலே சேர்த்து அனுப்புபவர்களுக்குத் தனி நன்றி. பி12 குறைபாட்டில் அது ஏறாது.

அவசரப் பிரிவுச் செவிலியர்களே, முதல் பிளாஸ்மா பை ஏறும் முன் ஆடாம்ட்ஸ்13 பரிசோதனைக்காக நீல மூடி சிட்ரேட் குழாயில் இரத்தம் எடுத்து வைத்தீர்கள். பை ஏறிய பிறகு எடுத்தால் கொடையாளியின் நொதியும் சேர்ந்து முடிவைக் குழப்பும். ஊதா மூடிக் குழாயில் எடுத்தாலோ அதிலுள்ள ஈ.டி.டி.ஏ. நொதியையே முடக்கிவிடும். நோயை உறுதிசெய்யும், நொதியின் செயல்பாடு 10 சதவீதத்துக்குக் கீழே என்ற முடிவு வரப் பல இடங்களில் நாள்கணக்காகும். சிகிச்சை அதற்காகக் காத்திருக்க முடியாது.

இரத்த வங்கியின் உழைப்பை எண்ணில்தான் சொல்ல வேண்டும். எடை 60 கிலோ, ஹிமாட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 25 சதவீதம், கிலோவுக்கு 70 மில்லி இரத்தம் என்றால் பிளாஸ்மா அளவு 60 × 70 × 0.75, அதாவது 3,150 மில்லி. 200 மில்லி பைகளில் ஒரு நாளைக்குப் பதினாறு. ஒன்றரை மடங்கு மாற்ற வேண்டுமென்றால் இருபத்து நான்கு. எல்லாவற்றையும் 37 டிகிரி நீரில் உருக்க வேண்டும். உறைந்த பை கண்ணாடிபோல் நொறுங்கக்கூடியது, தையலோரம் வெடித்தால் வீண். வெளியுறை போட்டு, ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடித்துக் கசிவு பார்த்து அனுப்புகிறீர்கள். தட்டணுப் பை கேட்டு வார்டிலிருந்து சீட்டு வந்தபோது, “டி.டி.பி. சந்தேகம் என்று எழுதியிருக்கிறதே, உயிருக்கு ஆபத்தான இரத்தக்கசிவு இருக்கிறதா?” என்று திருப்பிக் கேட்டதற்கும் நன்றி. டி.டி.பி.யில் தட்டணு ஏற்றினால் அடைப்பு கூடிவிடலாம் என்ற அச்சம் இருப்பதால் அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டியது.

பிளாஸ்மா மாற்றை எந்திரத்தில் நடத்தும் அஃபெரிசிஸ் பிரிவினரே, உதடு மரமரப்பதாக நோயாளி சொன்னதுமே வேகத்தைக் குறைத்துக் கால்சியம் கொடுத்தீர்கள். பிளாஸ்மாவில் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைக் கட்டிவிடுவதை நீங்கள் மறப்பதில்லை. எதிர்ப்பொருள் உண்டாவதைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தை அன்றைய மாற்று முடிந்தவுடன் ஏற்ற ஏற்பாடு செய்ததால் அடுத்த மாற்றில் அது வெளியே போகாமல் வேலை செய்ய நேரம் கிடைத்தது.

குடும்பத்தாருக்கும் நன்றி சொல்ல வேண்டும். “காலையில் பத்து நிமிஷம் பேச்சு குழறுச்சு, அப்புறம் சரியாயிடுச்சு” என்று நீங்கள் சொன்னது எங்களுக்குப் பெரிய துப்பு. இந்த நோயின் நரம்பு அறிகுறிகள் அப்படித்தான் வந்து வந்து போகும். தட்டணுக் குறைவு, சிவப்பணுச் சிதைவு, நரம்பு அறிகுறி, காய்ச்சல், சிறுநீரகப் பாதிப்பு ஆகிய ஐந்தும் சேர்ந்து வருவது அரிது. அவற்றுக்காகக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

பிளாஸ்மா கொடையாளர்களே, ஏழு நாள் மாற்றுக்கு 112 பை. அதில் உங்களுடையது எது என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் தட்டணு 1,50,000ஐத் தாண்டி இரண்டு நாள் நிலைத்து நின்றதற்கு அதுவும் காரணம்.

கடைசியாக, குணமான பிறகும் நொதிப் பரிசோதனைக்குத் தவறாமல் வருகிறவர்களுக்கு. தட்டணு குறையும் முன்பே நொதி குறையத் தொடங்கிவிடும். நீங்கள் நலமாக இருக்கும்போதே வந்து இரத்தம் கொடுப்பதால்தான் மறுதாக்குதலை முன்கூட்டியே மருந்தால் தடுக்க முடிகிறது. அடுத்த தேதிக்கும் வந்துவிடுங்கள்.

நன்றியுடன்,
சிகிச்சைக் குழுவினர்