உன் பட்டியலில் ஆறாவது வரி

குடியாத்தம்,
22.2.2026, ஞாயிறு.

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கு அம்மா, ஆயா, தம்பி எல்லோரும் நலம். ஆயாவுக்கு முட்டிவலி பழையபடியே. பொங்கலுக்கு வந்துவிட்டுப் போன பிறகு நீ என்னோடு பேசவில்லை. அம்மாவிடம் இரண்டு நிமிஷம் பேசுகிறாய், மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். வேலை அதிகமாக இருக்கும். குறையாகச் சொல்லவில்லை. போனில் எனக்குப் பேச வராது, உனக்கே தெரியும். அதனால்தான் கடை பில் புத்தகத்துத் தாளில் எழுதுகிறேன்.

தம்பிக்கு நீ அனுப்பின கம்ப்யூட்டர் பட்டியலைப் பார்த்தேன். அவனைத் திட்டாதே, நான்தான் கேட்டு வாங்கினேன். ஒன்பது வரி, கூட்டினால் 58,400 ரூபாய். நாலு நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். முப்பத்தைந்து வருஷமாகச் சால்டரிங் அயர்ன் பிடிக்கிற அப்பா ஒருத்தர் இருக்கிறாரே, ஒரு வார்த்தை கேட்போம் என்று உனக்குத் தோன்றவில்லை. சரி, இருக்கட்டும்.

பட்டியல் நன்றாகத்தான் இருக்கிறது. ரைசன் 5 5600 ப்ராசசர் பழசு, 2022-ல் வந்தது, இப்போ எல்லாரும் ஏ.எம்.5தான் வாங்குறாங்க என்று தம்பி சொன்னான். அவனை உட்காரவைத்து விளக்கினேன். ஏ.எம்.5 என்கிற புது வகை போர்டில் புது டி.டி.ஆர்.5 ராம்தான் ஏறும். ஏ.ஐ. கம்பெனிகள் மெமரி சிப்பையெல்லாம் அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை போன தீபாவளியிலிருந்து தாறுமாறாகக் கிடக்கிறது. பழைய டி.டி.ஆர்.4 ராம் விலையும் ஏறியிருக்கிறது, ஆனாலும் போர்டோடு சேர்த்துக் கூட்டினால் அக்கா எடுத்ததுதான் கையைக் கடிக்காது என்றேன். 16 ஜி.பி.யை ஒரே குச்சியாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு எழுதியிருக்கிறாய். இரண்டு சானலிலும் ஓடினால்தான் கேமுக்கு வேகம். கிராபிக்ஸ் கார்டுக்குப் பணத்தில் பெரிய பங்கை ஒதுக்கியதும் சரி. 1080பி மானிட்டருக்கு ஆர்.எக்ஸ். 6600 போதும். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் தாளைக் காட்டினேன். மிக்சி வாங்க வந்த அம்மாவிடம்கூட.

ஆனால் ஆறாவது வரி. "கேபினெட், எஸ்.எம்.பி.எஸ். சேர்த்து 2,900." கண்ணாடி முகப்பு, கலர் விளக்கு எரிகிற நாலு ஃபேன், கூடவே மொத்தக் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் கொடுக்கிற 500 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ். அந்த விலையில் கண்ணாடிக்கும் விளக்குக்கும் போக மிச்சத்தில் செய்த எஸ்.எம்.பி.எஸ். எப்படி இருக்கும்? அதை மாற்று.

உனக்கு ஞாபகம் இருக்கும். ரிப்பேருக்கு வருகிற டேப்ரெக்கார்டர்களின் மேல் "பி.எம்.பி.ஓ. 1000 வாட்ஸ்" என்று வெள்ளி எழுத்தில் போட்டிருக்கும். திறந்தால் உள்ளே எலுமிச்சம்பழம் அளவு டிரான்ஸ்ஃபார்மர். இருபது வாட்ஸ் வருவதே கஷ்டம். ஸ்கூல் பையோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "அப்போ ஏம்ப்பா பொய் எழுதிக்கீறாங்க?" என்று கேட்டாய். இரண்டாவதோ மூன்றாவதோ படித்தாய். அதே பொய்தான் இந்தப் பெட்டியின் ஸ்டிக்கரிலும். மேலே போட்டிருக்கிற பெரிய எண்ணைப் பார்க்காதே. பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் என்று ஒரு கட்டம் இருக்கும், அதன் கீழே எத்தனை ஆம்பியர் என்று பார். பன்னிரண்டால் பெருக்கு. 45 ஆம்பியர் என்றால் 540 வாட்ஸ், அது 550 வாட்ஸ் பெட்டி என்றால் நம்பலாம். 500 என்று எழுதிவிட்டு 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அது 216 வாட்ஸ் பெட்டி. ப்ராசசரும் கார்டும் இரண்டுமே 12 வோல்ட்டைத்தான் குடிக்கும்.

உனக்குப் பெரிய வாட்ஸ் தேவையும் இல்லை. ப்ராசசர் 65, கார்டு 132. மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., ஃபேன் எல்லாம் சேர்த்து ஐம்பது அறுபது வை. 260 பக்கம்தான் வரும். நிஜமான 450 போதும், 550 என்றால் நாளைக்குக் கார்டு மாற்றினாலும் தாங்கும். "80 பிளஸ் பிரான்ஸ்" என்று போட்டிருந்தால் மட்டும் திருப்தியாகிவிடாதே. உறிஞ்சுகிற கரண்டில் எவ்வளவு வீணாகிறது என்பதற்குத்தான் அந்த முத்திரை. ஓவர் வோல்டேஜ், ஓவர் கரண்ட், ஷார்ட் சர்க்யூட், இந்த மூன்றுக்கும் பாதுகாப்பு இருக்கிறது என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். ஐந்து வருஷம் வாரண்டி தருகிறவன் உள்ளே நல்ல கெப்பாசிட்டர் போட்டிருப்பான்.

கேபினெட்டும் அப்படியே. முகப்பில் கண்ணாடி வேண்டாம், வலை போட்டது எடு. காற்று உள்ளே போக வழியில்லாமல் நாலு ஃபேன் சுற்றி என்ன பிரயோஜனம்? இங்கே கத்திரி வெயிலில் கடைக்குள் டி.வி. செட்டுகள் பட்ட பாடு பார்த்திருக்கிறாய்.

மாட்டும்போது சின்னச் சின்ன விஷயங்கள். போர்டில் நாலு ஸ்லாட் இருந்தால் ராமை ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போடு. பயாஸ் செட்டிங்கில் எக்ஸ்.எம்.பி. ஆன் செய்யாவிட்டால் 3200 ராம் பெரும்பாலும் அதைவிட மெதுவாகத்தான் ஓடும். மானிட்டர் வயரைக் கார்டில் சொருகு, போர்டில் அல்ல. ப்ராசசருக்குப் போகிற எட்டுப் பின்னும் கார்டுக்குப் போகிற எட்டுப் பின்னும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், வேறு வேறு. போகாவிட்டால் அழுத்தாதே.

புது ரூமில் எர்த் இருக்கிறதா என்று பார்த்தாயா? மூன்று ஓட்டை இருந்தால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பல வாடகை ரூம்களில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு லைன் டெஸ்டரைக் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பில் வை. மினுக்கென்று எரிந்தால் எர்த் இல்லை. எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இருக்கிற ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகப் பாதி வோல்டேஜ் பெட்டிக்கு வந்து நிற்கும். தொட்டால் சுரீர் என்று இருக்கும், ஆளைத் தூக்கிப் போடாது, ஆனால் அப்படியே விடக்கூடாது. ரூம்காரரிடம் சொல்லிச் சரிசெய். வெறுங்காலோடு தொடாதே. டெஸ்டர் இல்லையென்றால் வாங்கிக்கொள், இல்லை நான் அனுப்புகிறேன்.

புது ரூம் சின்னது என்று தம்பி சொன்னான். ஆபீஸ் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய் என்றும் வாய்தவறிச் சொன்னான். வேறு புதுசு கொடுப்பார்கள் போலிருக்கிறது. நான் எதுவும் கேட்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டும் என்று யார் சொன்னது? 5600-ல் கார்டு இல்லாமல் படமே வராது. 5600ஜி எடுத்தால் அதற்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. இப்போதைக்கு அதை வைத்துச் சின்ன கேம் ஆடலாம், மற்ற வேலையும் பார்க்கலாம், கார்டை ஆறு மாதம் கழித்து வாங்கலாம். ப்ராசசருக்குள் இருக்கிற கேஷ் மெமரி மட்டும் 5600-ல் இருப்பதில் பாதிதான், கார்டு போடும்போது கொஞ்சம் வேகம் குறையும். ஆனாலும் கையில் இருக்கிற பணம் கையில் இருக்கும். இந்த மாசமும் ஒன்றாம் தேதியே பத்தாயிரம் போட்டுவிட்டாய். போட்டிருக்க வேண்டாம். அடுத்த மாசமும் போடாதே. இங்கே சீட்டு எடுத்திருக்கிறேன், கடையும் ஓடுகிறது. ஒன்றும் நின்றுவிடாது.

ஆனால் எது குறைந்தாலும் ஆறாவது வரியில் குறைக்காதே. திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று உனக்குச் சலிப்பாக இருக்கும்.

பட்டியலுக்குக் கீழே தம்பிக்கு ஒரு வரி எழுதியிருந்தாய். "ஏற்கெனவே ஒன்ன எரிச்சவ நான், இதையும் எரிக்காம இருக்கணும்." அவன் சிரித்தான். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பாப்பா, அதை நீ எரிக்கவில்லை.

2012. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினாலு மணி நேரம் கரண்ட் இல்லாத காலம். வந்தாலும் குதித்துக்கொண்டு வரும். 2009-ல் ரிச்சி தெருவுக்கு நாலு நடை போய்ப் பார்ட் பார்ட்டாக வாங்கி வந்து நான் சேர்த்த கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். அந்த ஆவணியில் போய்விட்டது. நல்லது வாங்க 1,600 ரூபாய். அம்மாவின் வளையல் பேங்கில் இருந்தது. கடையில் 450 ரூபாய்ப் பெட்டி ஒன்று கிடந்தது, 450 வாட்ஸ் என்று ஸ்டிக்கர். கையில் எடுத்தபோதே கனமில்லை. திறந்து பார்த்தேன். ஃபில்டர் காயில் என்கிற கம்பிச்சுருள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பியை வைத்துச் சால்டர் செய்திருந்தான். தெரிந்தேதான் மாட்டினேன். இரண்டு மாசம் ஓடட்டும், மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் சாயங்காலம் கரண்ட் வந்ததும் டப் என்று சத்தம் கேட்டது. போர்டு, ஹார்ட் டிஸ்க் இரண்டும் போச்சு. உன் பெரியப்பா, அத்தை எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். "ராப்பகலா கேம் ஆடி எரிச்சிட்டா" என்று நான் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். நீ பதினொன்றாவது படித்தாய். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் என்ன இருந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தாத்தா குரல் போனதற்கும் நீதான் காரணம் என்று ஆயா ஒரு மாசம் உன்னோடு பேசாமல் இருந்தாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

அன்று ராத்திரி நீங்கள் தூங்கின பிறகு பெட்டியைக் கழற்றினேன். உள்ளே கெப்பாசிட்டர் வெடித்துக் கருகிக் கிடந்தது. கேமுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஊரில் யார் வீட்டு மிக்சி போனாலும் காரணம் சொல்கிறவன் நான். என் வீட்டில் பொய்யைச் சொல்லிவிட்டுப் பதின்மூன்று வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த வருஷம் ஸ்கூலில் கொடுத்த லேப்டாப்பைக்கூட நீ பயந்து பயந்து தொட்டதைப் பார்த்தேன். அப்போதும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை ஆயாவுக்கும் நானே படித்துக் காட்டுகிறேன்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை அப்பா வாங்கித் தருகிறேன். பட்டியலிலிருந்து அதை எடுத்துவிடு. பார்ட்டுகளை ரூமில் வைத்து மாட்டாதே, இங்கே எடுத்துக்கொண்டு வா. போன வருஷம் கடைக்குப் புதுசாக எர்த் குழி போட்டேன், கரியும் உப்பும் கொட்டி. பெஞ்சு காலியாகத்தான் இருக்கிறது. எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். காட்பாடிக்குத் தம்பி வண்டி எடுத்து வருவான். அம்மா முள்ளுக் கத்தரிக்காய் என்று இப்போதே ஆரம்பித்துவிட்டாள்.

இன்னொன்று. அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கை நான் தூக்கிப் போடவில்லை. பரண்மேல் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. வோல்டேஜ் ஏறினால் டிஸ்க்கைக் காப்பாற்ற அதன் பச்சை போர்டில் சின்ன டயோடு ஒன்று இருக்குமாம், தானே ஷார்ட்டாகி உயிரை விடுமாம். சில சமயம் அதை எடுத்துவிட்டால் டிஸ்க் மறுபடி சுற்றும் என்று போன மாசம் ஒரு வீடியோவில் பார்த்தேன். மல்டிமீட்டர் வைத்தேன். ஒரு டயோடு ஷார்ட்தான். ஆனால் சால்டரிங் அயர்ன் வைக்கவில்லை. சுற்றும் என்று சொல்லமாட்டேன். உன் கம்ப்யூட்டர் எழுந்த பிறகு, நீ பக்கத்தில் இருக்கும்போது பார்க்கலாம். மதர்போர்டு பெட்டியில் சாட்டா கேபிள் வரும், வேண்டாம் என்று தூக்கிப் போட்டுவிடாதே.

இப்படிக்கு,
அப்பா