உனக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேன், தவில்

கும்பகோணம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள தவில்,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் என்று நினைத்திருப்பாய், பாதி அதுதான். மீதிப் பாதி வெட்கம். மைக் வாங்கிவிட்டாயா? இல்லையென்றால் இதைப் படித்து முடிக்கிறவரை வாங்காதே. வாங்கிவிட்டாய் என்றால் திட்டுவதைக் கடைசிப் பக்கத்துக்குப் பிறகு வைத்துக்கொள்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் தங்கச்சிக்கு முட்டிவலி முன்னைக்கு இப்போது தேவலை. பெரியவன் ஹைதராபாத்திலேயே வீடு பார்த்துவிட்டான். பையன் கல்யாணத்துக்கு நீ வரவில்லை என்று ராஜாமணி அண்ணனுக்கு மனத்தாங்கல். ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லிச் சமாளித்து வைத்திருக்கிறேன், நீ மாற்றிச் சொல்லி என்னை மாட்டிவிடாதே.

விஷயத்துக்கு வருகிறேன். "கடைக்காரன் டைனமிக் மைக் போதும்கிறான்" என்று நீ போனில் சொன்னபோது நான் என்ன சொன்னேன்? "அது கட்சிக் கூட்டத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும்டா. குரலைப் பதிவு பண்ணணும்னா கண்டென்சர். யோசிக்காம வாங்கு." நான் ரோடு கம்பெனியின் என்டி1-ஏ என்கிற கண்டென்சர் மைக்கை வாங்கி அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. புதுமாப்பிள்ளை மாமியார் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசிவிட்டேன்.

பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடம் வாசித்து அனுப்புகிறேன் அல்லவா, அதில் ஒரு தம்பி போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். பன்னிரண்டு பாடம் அனுப்பியிருந்தேன். ஒரு நாள் அவனே கூப்பிட்டான்.

"சார், பாடமெல்லாம் நல்லா இருக்கு. ஒண்ணு சொல்லலாமா? கோச்சுக்கக் கூடாது."

"சொல்லுப்பா."

"உங்க ஃபேன்ல பேரிங் போயிடுச்சு சார். சுத்துக்கு ஒரு தடவை டிக்குனு கேக்குது."

அதோடு நிறுத்தினானா? பக்கத்தில் பாத்திரக் கடை இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது, மூன்று வீடு தள்ளி. சீர்வரிசைப் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிற மெஷின் சத்தத்தை வைத்துச் சொல்கிறான். எனக்கு அந்தச் சத்தம் கேட்டே பல வருஷம் ஆகிறது, காது பழகிவிட்டது. சுவரில் பல்லி கத்தியதைச் சொன்னான். பிறகு குக்கர்.

"குடவோலை முறையில நிக்கிறவங்களுக்கு என்ன தகுதின்னு நீங்க சொல்ற இடத்துலதான் சார் மூணாவது விசில். பரீட்சையில அந்தக் கேள்வி வந்தா எனக்கு விசில்தான் ஞாபகம் வரும்."

நான் சிரித்தேன், அவனும் சிரித்தான். போனை வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சேவை செய்கிறோம் என்ற நினைப்பில் அந்தப் பிள்ளையின் காதுக்குள் என் வீட்டுச் சமையலறையையே இறக்கி வைத்திருக்கிறேன்.

அவன் சொன்ன இன்னொன்றுதான் என்னை உட்கார விடவில்லை. அவர்கள் பாடத்தை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார்களாம். அறை எதிரொலித்தால் அந்த வேகத்தில் ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் மேல் விழுகிறதாம். "வழி, வலி, வளி எல்லாம் ஒண்ணாயிடுது சார்." நாம் ழகரத்துக்காகத் திருச்சி வானொலியில் எத்தனை திட்டு வாங்கியிருப்போம்! கடைசியில் என் ழகரத்தை என் வீட்டுச் சுவரே தின்றுவிட்டது.

உடனே பழி முழுவதையும் கண்டென்சர் தலையில் போட்டேன். உனக்குத் தெரியும், எனக்குப் பழி போட ஓர் ஆள் வேண்டும். கண்டென்சரில் இருப்பது சில மைக்ரான் கனமே உள்ள ஒரு படலம். மயிரிழை இடைவெளி விட்டு அதன் பின்னால் ஒரு தகடு. குரல் பட்டுப் படலம் அசைந்தால் இடைவெளி மாறும், அந்த மாற்றம்தான் சிக்னல். டைனமிக் என்பது சைக்கிள் டைனமோவுக்குத் தம்பி. படலத்தின் முதுகில் கம்பிச்சுருள் ஒட்டியிருக்கும், காந்தத்துக்கு நடுவே அது ஆடினால் மின்சாரம் வரும். சுருளையும் சுமந்துகொண்டு ஆட வேண்டுமே, அதனால் கொஞ்சம் மந்தம். எனவே கண்டென்சருக்குப் பாம்புக் காது, டைனமிக்குக்கு அரைச் செவிடு, நம் வீட்டுக்குச் செவிடே மேல் என்று முடிவு கட்டி, ஒரு ஷூர் எஸ்எம்58 வாங்கினேன். 1966 முதல் விற்கிற மைக் அது. இந்த இரண்டுக்கும் அப்பன் ஒருவனே, தெரியுமா? பின்னாளில் பெல் ஆய்வுக்கூடம் ஆன வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆய்வுப் பிரிவில் வென்டே என்பவர் 1916-ல் கண்டென்சரைச் செய்தார். அவரே தூராஸ் என்பவரோடு சேர்ந்து செய்த டைனமிக் 1931-ல் வந்தது. மூத்ததை விட்டுவிட்டு இளையதிடம் போனேன்.

முதல் நாளே ஏமாற்றம். பழைய வழக்கப்படி ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து வாசித்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. ஒரே சத்தத்துக்கு என் ரோடு 25 மில்லிவோல்ட் தரும் என்றால் எஸ்எம்58 தருவது 2-க்கும் கீழே. மைக்கின் சத்தத்தை ஏற்றுகிற கெயின் திருகைக் கடைசிவரை திருகினேன். குரலோடு ஃபேனும் வந்தது, கூடவே மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற இன்டர்ஃபேஸ் பெட்டியின் 'உஸ்'ஸும் வந்தது. இருந்ததும் போச்சு!

அப்புறம் முகத்தைக் கொண்டுபோய் மைக்கில் ஒட்டாத குறையாக வைத்தேன். மூன்று விரற்கடை தூரம். கெயினைப் பாதிக்கு இறக்கினேன். ஃபேன் காணோம். பேர் வெட்டுகிற மெஷின் காணோம். என் குரல் மட்டும் கம்பீரமாக, கொஞ்சம் அதிகக் கம்பீரமாகவே, நிற்கிறது. கிட்டே போனால் அடிக்குரல் தூக்கும், அதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

அன்றைக்கே உனக்கு எழுதியிருந்தால் "டைனமிக் வாங்கு" என்று எழுதியிருப்பேன், இரண்டாவது தடவையும் தப்பாக. நல்லவேளை, சந்தேகம் வந்தது. இரண்டு மைக்கையும் சேர்த்து ரப்பர் பேண்டால் கட்டினேன். இரண்டுக்கும் அதே மூன்று விரல். அதே பாடம், அதே ஃபேன். பிறகு கம்ப்யூட்டரில் இரண்டிலும் குரலின் அளவைச் சமமாக்கிவிட்டு, நான் மூச்சு விடுகிற இடைவெளியை மட்டும் போட்டுக் கேட்டேன்.

தவில், கிட்டத்தட்ட ஒன்றுதான்! கண்டென்சரில் ஃபேன் காற்றின் மெல்லிய சீற்றம் ஒரு சொட்டு கூடுதல், சகரம் கொஞ்சம் கூர்மை. அவ்வளவே. பாம்புக் காதாவது செவிட்டுக் காதாவது! இரண்டும் முன்பக்கத்தையே அதிகமாகக் கேட்கிற, இதய வடிவம் என்கிற ரகம், ஒரே தூரத்தில் வைத்தால் அறையை ஒரே மாதிரிதான் கேட்கின்றன. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. உன் தங்கச்சி எழுந்து வந்து பார்த்துவிட்டு, ரப்பர் பேண்ட் போட்ட இரண்டு மைக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டாள்.

கணக்கு இதுதான். பன்னிரண்டு விரல் ஒரு சாண். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும். பன்னிரண்டிலிருந்து ஆறு, ஆறிலிருந்து மூன்று: ஆக 12 டெசிபல், அதாவது மைக்கில் விழும் குரலின் அழுத்தம் நான்கு மடங்கு. ஃபேன் இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதற்கு ஒன்றும் கூடாது. என்னைக் காப்பாற்றியது அந்த ஒன்பது விரல்தான், எஸ்எம்58 இல்லை.

சரி, ஒரு சாண் தள்ளி உட்காரும் புத்தி எங்கிருந்து வந்தது? திருச்சி வானொலியில் இளைஞர்களுக்கான இளையபாரதம் நிகழ்ச்சிப் பதிவுக்குப் போவோமே, "ஒரு சாண் தள்ளி உக்காருங்க தம்பி, மைக்கைக் கடிக்காதீங்க" என்பாரே பதிவு செய்கிறவர். நீ கடித்தாய், நான் தள்ளி உட்கார்ந்தேன், நல்ல பையன் பட்டம் வாங்கினேன். அந்த அறையின் நிசப்தம் ஞாபகம் இருக்கிறதா? கதவைச் சாத்தினால் காதில் பஞ்சு வைத்த மாதிரி இருக்கும், சுவரெல்லாம் ஓட்டை ஓட்டையாகப் பலகை அடித்திருப்பார்கள். அங்கே ஒரு சாண் சரி. நான் அந்தச் சாணை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், அறையை விட்டுவிட்டேன். கண்டென்சர் அதற்கு இடம் கொடுத்தது. தள்ளி உட்கார்ந்தாலும் குரல் நன்றாக ஏறியதால் தப்பு தெரியவே இல்லை.

இப்போது பாடத்துக்கு எஸ்எம்58தான். அது கண்டிப்பான வாத்தியார்: நாலு விரல் நகர்ந்தால் குரலைக் கீழே தள்ளிவிடும், நானே திரும்பி வந்துவிடுவேன். ஃபேனை நிறுத்திவிட்டு, கொடியில் ஜமுக்காளம் இரண்டு தொங்கவிட்டு, பீரோவைத் திறந்து வைத்து, புடவை அடுக்குக்கு முன்னால் பனியனோடு உட்கார்ந்து சோழர் வரலாறு வாசிக்கிறேன். நீ பார்த்தால் இதற்கென்று தனியாக ஒரு கடிதம் எழுதுவாய். அமேசானின் ஏசிஎக்ஸ் தளத்தில் ஒலிநூலுக்குப் பின்னணி இரைச்சல் -60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று விதி. ஃபேனோடு எனக்கு -44 வந்தது, ஃபேனை நிறுத்திய பிறகு ஜமுக்காளமும் மூன்று விரலும் சேர்ந்து -61-க்குக் கொண்டுவந்தன. அக்னி நட்சத்திரத்தில் என்ன செய்யப் போகிறேன் என்று கேட்காதே.

இனி உன் கதை. இங்கேதான் எனக்குக் குழப்பம். உன் தலையும் உன் வீடும் வேறு வேறு மைக் கேட்கின்றன. வாசிக்கும்போது நீ தலையை ஆட்டுகிற ஆட்டத்துக்கு மூன்று விரல் நடக்காது. ஒரு வரி காதில் அறையும், அடுத்த வரி காணாமல் போகும். அதற்குத் தள்ளி வைத்த கண்டென்சர்தான் தோது. ஆனால் உன் மாடி அறைக்கு எதிரே ஐஸ் பேக்டரி, அது ராத்திரி பகல் உறுமும். போதாததற்குத் தூத்துக்குடி உப்புக் காற்று. கண்டென்சர் படலத்தில் ஈரம் ஏறினால் பட் பட்டென்று வெடிக்கும். டைனமிக்கை மொட்டை மாடியில் வைத்தாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். கண்டென்சர் ஏற்கெனவே வாங்கியிருந்தால் விற்காதே: வாசித்து முடித்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் போட்டு மூடு, ஆறு விரலுக்கு வா, வாய்க்கு நேராக வைக்காமல் சற்று ஓரமாக வை, பகரத்தின் காற்று அடிக்காது. கண்டென்சருக்கு மின்சாரம் கொடுக்கிற பாண்டம் பவர் பட்டனை (48 வோல்ட்) இன்டர்ஃபேஸில் போட மறந்துவிட்டு மைக் செத்துப்போச்சு என்று எனக்குப் போன் செய்யாதே. அந்த 48 வோல்ட் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1966-ல் நார்வே வானொலிக்காக நியூமன் கம்பெனி மைக் செய்தபோது, அங்கே அவசர விளக்குக்கென்று 48 வோல்ட் சப்ளை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, அதிலேயே சொருகிவிட்டார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க அதே 48.

எந்த மைக்கானாலும் ஸ்டாண்டை மேஜைமேல் வைக்காதே. உன் விரல் சும்மா இருக்காது. உனக்கு அந்தப் பேர் வைத்தவனே நான்தான்.

இவ்வளவும் எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன், மறுபடி திறக்கிறேன். தைராய்டு ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள் என்று குண்டு ராமு சொன்னான். நீ எழுதவில்லை. குரல் நரம்பு பக்கத்திலேயே போகிறது, சில பேருக்குக் கொஞ்ச நாள் குரல் கம்மிப்போகும் என்று டாக்டர் சொன்னதையும் அவன்தான் சொன்னான். மைக் எது என்று நீ ஏன் அப்படி அவசரப்பட்டாய் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அவசரத்தில் கேட்டவனை இரண்டு மாதம் காக்க வைத்திருக்கிறேன். மன்னித்துவிடு என்று எழுதினால் நீ கிண்டல் செய்வாய், அதனால் எழுதவில்லை.

மைக் வரட்டும் என்று காத்திருக்காதே. உன் அப்பா தோணிப் பயணத்தைப் பற்றி எழுதிவைத்த நோட்டை எடு, போனிலேயே வாசி. போனைப் புத்தகம் மாதிரி நிமிர்த்தி ஒரு சாணுக்குள் வை, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொள், ஐஸ் பேக்டரி உறுமினால் உறுமட்டும். கொழும்புக்குப் போகிற வழியில் காற்று மாறிய ராத்திரியை முதலில் வாசி. ஹாஸ்டல் மொட்டை மாடியில் நீ சொன்னது எனக்கு முக்கால்வாசி மறந்துவிட்டது. எனக்கு அனுப்பு, சத்தத்தைச் சுத்தம் செய்கிற வேலை என்னுடையது. ஆபரேஷன் முடிந்து தொண்டை சரியான பிறகு மறுபடி ஒழுங்காகப் பதிவு செய்யலாம். அப்போது என் எஸ்எம்58-ஐயும் ரோடையும் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன், ஜமுக்காளம் உன் வீட்டில் இருக்கும்தானே?

தேதியை எழுது. ராமு சொல்லித் தெரிந்துகொள்ள வைக்காதே. வீட்டில் எல்லோருக்கும் என் விசாரிப்பு.

உன்,
நெட்டை

பி.கு: ஃபேனைக் கழற்றிப் பார்த்த எலக்ட்ரீஷியன், பேரிங் போய்விட்டது என்றார். மாற்றியாகிவிட்டது.